புது கோல்ஃப் அயர்ன் செட்: 7 அயர்ன் 14 யார்டு கூடப் போகிறது, ஆனால் கிரீனில் நிற்க மாட்டேன் என்கிறது

சென்னை_ஸ்லைஸ்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 52, ஹேண்டிகேப் 17 (அதாவது சுமாரான ஆட்டக்காரன்), சனி ஞாயிறு காலையில் மட்டும் ஆடுபவன். பதினாறு வருஷமாக ஒரே அயர்ன் செட், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கிரிப் மட்டும் நாலு முறை மாற்றியிருக்கிறேன். போன மாதம் வீட்டில் ஒருவழியாக அனுமதி கிடைத்து புது செட் வாங்கினேன். 5 அயர்ன் முதல் பிட்சிங் வெட்ஜ் வரை (எண் கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரம் போகும், வெட்ஜ் அதிலும் குறைவு), கிராஃபைட் ஷாஃப்ட் (தண்டு), ரெகுலர் ஃபிளெக்ஸ்.

கடையில் சிமுலேட்டரில் அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். என் பழைய 7 அயர்ன் கேரி (பந்து காற்றில் போகும் தூரம்) 137 யார்டு, புதுசு 151. கடைப் பையன் திரையைக் காட்டி "பாருங்க சார், 14 யார்டு கூட" என்றான். ஏசி அறை, பச்சைப் பாய், பெரிய திரை, யாருக்குத்தான் மயக்கம் வராது? கார்டை நீட்டிவிட்டேன்.

இப்போது பிரச்சினை. மைதானத்தில் நாலு ரவுண்டு ஆகிவிட்டது. 7-ஐ எடுத்தால் பந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) விழுகிறது, ஒரு குதி குதித்துப் பின்பக்கம் ஓடிவிடுகிறது. பழைய 7 அப்படி இல்லை, விழுந்த இடத்திலிருந்து நாலைந்து அடி வைப்பதற்குள் நின்றுவிடும். 5 அயர்ன் மேலே எழும்பவே மாட்டேன் என்கிறது. அப்புறம் 95 யார்டில் நின்றால் கையில் எடுக்க எந்த கிளப்பும் இல்லை, பிட்சிங் வெட்ஜ் அதிகம், சாண்ட் வெட்ஜ் போதாது.

சிமுலேட்டர் தாளை பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய 7: கிளப் வேகம் மணிக்கு 76 மைல், ஏறும் கோணம் 19 டிகிரி, ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி, நிமிடத்துக்கு) 6,300, இறங்கும் கோணம் 45. புது 7: வேகம் 77, ஏறும் கோணம் 17, ஸ்பின் 4,700, இறங்கும் கோணம் 41.

செட் சரியில்லையா, எனக்குத்தான் அடிக்கத் தெரியவில்லையா? இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது எப்படி? திருப்பிக் கொடுக்க முடியாது, ஆனால் விற்றுவிடலாமா என்று யோசனை.

பங்கர்_பாசம்:

சார், முதலில் ஒரு கேள்வி. இரண்டு 7 அயர்னின் லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) என்னவென்று பார்த்தீர்களா? நீங்கள் கொடுத்த எண்களை வைத்துச் சொல்கிறேன், பழையது 34 டிகிரிக்கு முன்பின், புதுசு 29-க்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் 7 என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒரே கிளப் ஆகிவிடாது. 29 டிகிரி என்பது உங்கள் பழைய செட்டில் 6 அயர்ன். பெயிண்ட் அடிக்கும்போது 7 என்று அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரே கம்பெனியிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 2023-இல் வந்த டைட்லிஸ்ட் டி100-இல் 7 அயர்ன் 34 டிகிரி, டி350-இல் 29. இதை ஏமாற்று என்று மட்டும் சொல்லவும் முடியாது. இப்போதைய கிளப்புகளில் எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளி வைக்கிறார்கள், முகம் மெல்லியது, அதனால் பந்து தானாகவே உயரமாக எழும்பும். பழைய லாஃப்டையே வைத்தால் பந்து பலூன் மாதிரி மேலே போய்விடும், அதனால் லாஃப்டைக் குறைக்கிறார்கள். பாதி நியாயம். மீதிப் பாதி, கடையில் அந்தப் பையன் திரையைக் காட்டிச் சொன்ன அந்த 14 யார்டு.

நான் எப்போதும் பார்ப்பது இறங்கும் கோணத்தைத்தான். 45 டிகிரிக்கு மேல் இறங்கினால் சாதாரண கிரீனில் பந்து நிற்கும், 41 என்றால் ஓடும், அதுவும் மே மாதத்தில் தண்ணீர் காணாத கிரீன் என்றால் கேட்கவே வேண்டாம். டிராக்மேன் (பந்தை அளக்கும் ரேடார் கம்பெனி) முன்பு வெளியிட்ட டூர் (தொழில்முறைப் போட்டி) சராசரியில் ஆண்களின் 7 அயர்ன் கேரி 172 யார்டு. அதை நாம் பார்த்து என்ன ஆகப்போகிறது? எல்பிஜிஏ என்ற பெண்கள் டூரின் எண்ணைப் பாருங்கள்: கிளப் வேகம் 76 மைல், கேரி 141, ஸ்பின் சுமார் 6,700, இறங்கும் கோணம் 47. வேகம் அப்படியே உங்களுடையது! ஆண்கள் எல்லோரும் டிவியில் ஆண்கள் டூரைப் பார்த்துவிட்டு வந்து கிளப் வாங்குகிறீர்கள், பெண்கள் டூர்தான் உங்களுக்குப் பாடம், இதை எங்கள் கிளப்பில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஆகவே 7-ஐ 7-உடன் ஒப்பிடாதீர்கள். புது 8-ஐப் பழைய 7-உடனும், புது 7-ஐப் பழைய 6-உடனும் வைத்து அடியுங்கள்.

கோவை_மைக்ரோமீட்டர்:

அண்ணா, மேடம் சொன்னது சரிங்க. எதை எதோடு ஒப்பிடணும்னு அவங்க சொல்லிட்டாங்க, எப்படி ஒப்பிடுவது என்று நான் சொல்கிறேன். வேலை பார்ப்பது பம்ப் கம்பெனியில், தரக்கட்டுப்பாடு. அளவெடுக்கிற விஷயத்தில் கொஞ்சம் பைத்தியம் என்று வீட்டிலேயே சொல்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நடந்தது சோதனையே இல்லை. பழைய கிளப்பை வந்தவுடன் உடம்பு சூடேறாமல் அடித்திருப்பீர்கள், புதுசைக் கடைசியில் அடித்திருப்பீர்கள். சரியில்லாத ஷாட்டை எல்லாம் பையன் "இது வேண்டாம் சார்" என்று அழித்திருப்பான். எத்தனை பந்து அடித்தீர்கள், ஆறா, ஏழா?

நாலு கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய 6, பழைய 7, புது 7, புது 8. ஒன்றில் இரண்டு பந்து, உடனே அடுத்தது, அப்படியே சுற்றிச் சுற்றி வரவேண்டும். வரிசையையும் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் வரும் கிளப் களைப்புக்கு அடி வாங்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கிளப்புக்குப் பத்துப் பந்து வீதம் மூன்று காலை, மொத்தம் கிளப்புக்கு 30. ஆரம்பத்தில் அடிக்கும் பத்துப் பந்து கணக்கில் இல்லை, ஆனால் அதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். அதற்கப்புறம் அடித்த எல்லாமே கணக்கு. ஷேங்க் (கிளப்பின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் போவது) ஆனாலும் எழுதுங்கள், தரையை வெட்டினாலும் எழுதுங்கள். மைதானத்தில் அதை யாரும் அழிக்க விடமாட்டார்கள் இல்லைங்களா?

ஏன் 30? நம்மைப் போன்றவர்கள் அடிக்கும் ஒரே கிளப்பில் தூரம் எட்டு யார்டு முன்னே பின்னே சிதறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (திட்ட விலக்கம் 8). கிளப்புக்குப் பத்துப் பந்து அடித்து இரண்டு சராசரிகளை ஒப்பிட்டால் அந்த வித்தியாசத்திலேயே மூன்றரை யார்டு தடுமாற்றம் இருக்கும். அப்படிப்பட்ட சோதனையில் "நாலு யார்டு கூடப் போச்சு" என்பது காற்றில் எழுதின கணக்கு. 30 பந்தில் அந்தத் தடுமாற்றம் இரண்டு யார்டாகக் குறைகிறது. சராசரியை விடவும் நான் பார்ப்பது மோசமான பத்து ஷாட் எங்கே விழுந்தது என்பதை. நம் ஸ்கோர்கார்டை எழுதுவது அந்தப் பத்துதான்.

பாயில் அடிக்காதீர்கள், புல்லில் அடியுங்கள். பாயில் கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னாடியே தரையில் பட்டாலும் வழுக்கிப் போய் பந்தில் படும், திரையில் நல்ல ஷாட் என்று வரும். ரேஞ்ச் (பயிற்சி மைதானம்) பந்தும் வேண்டாம், தேய்ந்த பந்து, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி பறக்கும். நீங்கள் ஆடும் பந்து ஒரே மாடலில் ஆறு போதும்.

அப்புறம் பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இதற்குக் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே பயன்படுத்துகிறார்கள். நான் விபூதி பயன்படுத்துகிறேன். சிரிக்காதீர்கள். ஈர விரலால் கிளப் முகத்தில் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் பந்து பட்ட இடம் மட்டும் வட்டமாகத் தெரியும், ஒரு துணி போதும் துடைக்க. பூசி அடிக்கும் பந்துகளில் ஸ்பினை அளக்காதீர்கள், முகம் வழுக்கும், எண் தப்பாக வரும். ரவுண்டு ஆடும்போதும் பூசக்கூடாது, துடைப்பதைத் தவிர கிளப் தலையில் எதையும் தடவக்கூடாது என்று விதி 4.1 சொல்கிறது. சாமிக்குப் பூசினேன் என்றாலும் கமிட்டி கேட்காதுங்க.

சென்னை_ஸ்லைஸ்:

மேடம், நீங்கள் சொன்னது அப்படியே சரி. கம்பெனியின் பட்டியலைப் பார்த்தேன், புது 7 அயர்ன் 29, பழையது 34. பிட்சிங் வெட்ஜ் 42, பழையது 47. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை வாங்கி ஒரு மாதம் கழித்துப் பார்க்கிறேன்.

கோவைத் தம்பி, விபூதி யோசனை பிரமாதம், ஆனால் பூஜை அறையிலிருந்து எடுத்தால் என் தாயார் 9 அயர்னாலேயே அடிப்பார், தனியாக ஒரு பாக்கெட் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். நண்பர் ஒருவரிடம் பந்துக்குப் பின்னால் வைக்கிற சின்ன ரேடார் இருக்கிறது. அதன் ஸ்பின் எண்ணை நம்பலாமா?

கோவை_மைக்ரோமீட்டர்:

கேரிக்குப் போதும், கிளப்புக்குக் கிளப் ஒப்பிடத்தானே போகிறோம். ஸ்பினை மட்டும் நம்பாதீர்கள், அந்த விலையில் வரும் பல கருவிகள் ஸ்பினை நேராக அளப்பதில்லை, மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அதற்குப் பதில் கிரீனிலேயே அளந்துவிடுங்கள். பந்து விழுந்த தடத்திலிருந்து நின்ற இடம் வரை எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணினால் முடிந்தது. எந்த மெஷினும் இதைவிட நன்றாகச் சொல்லாது.

நுவரெலியா_மூடுபனி:

அண்ணை, ஒரு விஷயம், நீங்கள் ஊட்டிப் பக்கம் போய் ஆடுற பழக்கம் இருந்தால் அங்கே அடிச்ச கணக்கைச் சென்னைக் கணக்கோடு கலந்து போடாதீங்கோ. நான் மாதத்தில ஒரு தடவை கொழும்புக்கு இறங்குவன், மற்றபடி நுவரெலியாவில்தான் ஆட்டம். ஆறாயிரம் அடி உயரம். ஆயிரம் அடிக்கு இரண்டு சதவீதம் கூடப் போகும் என்பது பொதுவான கணக்கு, கொழும்பில் 140 போகிற கிளப் இங்கே 155 தாண்டும். முதல் வருஷம் நான் நல்லாத்தான் தேறிட்டன் என்று நினைச்சுக்கொண்டு ரோயல் கொழும்பில் போய் ஆடினால் எல்லாப் பந்தும் கிரீனுக்கு முன்னாலயே விழுந்து கிடக்குது. அந்த மைதானத்துக்குள்ளால ரயில் போகும், ரயிலுக்கு நிண்டு வழிவிட்ட நேரத்திலதான் இந்தக் கணக்கு எனக்கு விளங்கினது.

இன்னொன்று ஆட்கள் பெரிசாகக் கதைக்கிறதில்லை. மேலே காற்று மெல்லிசு என்றபடியால் ஸ்பின் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறதும் குறைவு, பந்து தட்டையாகப் போய்த் தட்டையாக இறங்கும். லாஃப்ட் குறைஞ்ச உங்கட புது செட் மாதிரி ஒன்றை வைச்சு இங்கே ஆடினால் கிரீனில் நிப்பாட்டுறது பெரிய பாடு.

லை கோணத்தையும் (கிளப் தரையில் நிக்கிற சாய்வு) ஒருக்கால் பாருங்கோ. மார்க்கர் பேனையால் பந்தில் நேர்க்கோடு ஒன்று கீறி, கோடு கிளப் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைச்சு அடியுங்கோ. கோடு முகத்தில் பதியும். நேராக நிண்டால் சரி. கோட்டின்ர மேல்முனை டோ (கிளப் முகத்தின்ர நுனி) பக்கம் சாய்ஞ்சிருந்தால் கிளப் நிமிர்ந்து கிடக்குது, வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் (தண்டு சேருற இடம்) பக்கம் சாய்ஞ்சால் மறுவளம். பட்டறையில் ஒன்றிரண்டு டிகிரி வளைச்சுத் தருவினம், ஆனால் வார்ப்பு அயர்ன் என்றால் வளைக்கலாமா என்று முதலே கேட்டுப்போட்டுக் கொடுங்கோ.

பழைய_கேடி:

எல்லாரும் படித்தவர்கள், எண்ணாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள். நான் பத்து வயதில் பை தூக்கப் போனவன் (பெயரில் கேடி என்று இருப்பது அதனால்தான், போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ எல்லாம் கிடையாது). இப்போது சொல்லிக் கொடுக்கிறேன்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். பழைய 6 அயர்னை எத்தனை தடவை கிரீனில் நிறுத்தினீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். 6 என்றால் முன்னாடி போட்டு ஓடவிடுவது, 7 என்றால் கொடிக்கே அடிப்பது, அப்படித்தானே பதினாறு வருஷமாக ஆடினீர்கள்? கை அந்த எண்ணுக்குப் பழகிப்போச்சு. இப்போது 6-இன் மேல் 7 என்று எழுதிக் கொடுத்தால் கை அதைக் கொடிக்கு அடிக்கிறது. கிளப் மேல் குற்றம் சொல்லாதீர்கள். பை தூக்கிய காலத்தில் இந்தக் கூத்தை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரியவர் ஒருவர் நான் 8-ஐக் கொடுத்தால் வாங்க மாட்டார், பக்கத்தில் ஆடுபவர் 9 எடுத்திருப்பார், கௌரவம். கடைசியில் அவர் 9-ஐ முறுக்கி அடிப்பார், பந்து குட்டைக்குள், திட்டு எனக்கு.

உங்கள் செட்டில் உண்மையான கோளாறு இரண்டு பக்க ஓரத்திலும் இருக்கிறது. 7 அயர்ன் 29 என்றால் 5 அயர்ன் 22 டிகிரிக்கு வந்துவிடும். பழைய காலத்து 3 அயர்ன் அது. 76 மைல் வேகத்தில் 7-ஐ அடிக்கிறவர் 3 அயர்னைப் புல்லிலிருந்து தூக்க முடியாது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு ஹைப்ரிட்டோ 7 வுட்டோ (பந்தை எளிதாகத் தூக்கும் கிளப்புகள்) போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் 42 பிட்சிங், அடுத்தது 56 சாண்ட், நடுவில் 14 டிகிரி ஓட்டை. 95 யார்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அதனால்தான். 49-இல் ஒரு வெட்ஜ் வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஏழேழு டிகிரி. கடைக்காரர் செட்டை விற்கும்போது இதைச் சொல்வதில்லை, ஒரு மாதம் கழித்து நீங்களே வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

பங்கர்_பாசம்:

பழைய கேடி ஐயா சொன்ன அந்த கௌரவம் ஆண்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று பதிவு செய்துவிட்டுப் போகிறேன். எங்கள் நாலு பேர் குழுவில் யாருடைய பையிலும் 5 அயர்ன் கிடையாது.

சென்னை_ஸ்லைஸ்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஒரு சனிக்கிழமை மழை. கோவைத் தம்பி சொன்ன மாதிரியே மூன்று காலை, 120 பந்து, எதையும் அழிக்கவில்லை. கேரியை ரேடார் சொன்னது. தனியாக ஒரு சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு கிரீனுக்கு அடித்து ஓட்டத்தை அடி வைத்து எண்ணினோம், பை தூக்கும் தம்பிதான் எண்ணினார், எனக்குச் சாதகமாக எண்ணிவிடுவேன் என்று என் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

பழைய 7 சராசரி கேரி 135, புது 8 சராசரி 138. தம்பியின் கணக்குப்படி இந்த மூன்று யார்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விழுந்து ஓடியது பழைய 7 நாலு காலடி, புது 8 ஐந்து காலடி. பழைய 6 கேரி 145, ஓட்டம் பத்து காலடி. புது 7 கேரி 149, ஓட்டம் ஒன்பது. பழைய கேடி அண்ணனின் கேள்விக்கு இதுதான் பதில், என் பழைய 6-ம் நின்றதே இல்லை, நிற்கும் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை.

வித்தியாசம் தெரிந்தது விபூதியில்தான். பாதிக்கு மேல் என் அடி டோ பக்கம், நடுவில் படுவது பத்தில் மூன்று இருந்தால் அதிகம், இதை இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. டோவில் பட்டால் பழைய 7 ஒரு 15 யார்டை விழுங்குகிறது, புது 8 எட்டு யார்டுதான். மோசமான பத்து ஷாட்டை மட்டும் எடுத்தால் பழையதில் ஆறு, கிரீனுக்கு முன்னால் உள்ள பங்கரில் (மணல் குழி) விழும் தூரம். புதுசில் இரண்டு. கடைப் பையன் 14 யார்டு என்று காட்டியதற்குப் பதில் இதைக் காட்டியிருந்தால் நான் அப்போதே மனநிறைவோடு கார்டை நீட்டியிருப்பேன்.

மார்க்கர் கோடும் போட்டுப் பார்த்தேன், லேசாக டோ பக்கம் சாய்கிறது. ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைவது) அடிக்கிற எனக்கு இடப்பக்கம் இழுக்கும் கிளப் வந்து சேர்ந்திருக்கிறது, அதை வளைக்கப் போவதில்லை!

செட்டை வைத்துக்கொள்கிறேன். 5 அயர்ன் பரணுக்குப் போய்விட்டது. 7, 8, 9 மூன்றின் மேலும் சின்னதாக டேப் ஒட்டி 6, 7, 8 என்று எழுதியிருக்கிறேன், கூட ஆடுபவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். யாரிடமாவது 49 அல்லது 50 டிகிரி வெட்ஜ் விற்க இருக்கிறதா? கிரிப் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

பழைய_கேடி:

50 ஒன்று என்னிடம் இருக்கிறது, ஸ்டீல் ஷாஃப்ட், உங்கள் கிராஃபைட்டை விடக் கனமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.

கோவை_மைக்ரோமீட்டர்:

முப்பதுங்க.